வலது கை காலியாக இருக்க வேண்டும்

ஆராதனை முடிந்து, காபியும் டோனட்டும் வைத்திருக்கும் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். ஆராதனை நேரத்தில் துப்பாக்கியோடு வாசலில் காவல் நிற்கும் எங்கள் சபையின் பாதுகாப்பு அணிக்குப் பொறுப்பாக இருப்பவர் பக்கத்தில் வந்தார். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், வயது எழுபதை நெருங்குகிறது, என் பிள்ளைகளுக்குத் தாத்தா மாதிரி. "கிரீன் கார்டு வந்துவிட்டதாமே, வாழ்த்துகள்" என்று கையைக் குலுக்கினார். நன்றி சொன்னேன். கையை விடாமலேயே, "அப்படியானால் இனி நீ துப்பாக்கி வாங்கலாம், தெரியும்தானே?" என்றார்.

எனக்குத் தெரியாது. பதினோரு வருடம் எச்-1பி விசாவில் இருந்தவனுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது இங்கே மத்திய அரசின் சட்டம் என்று அவர்தான் சொன்னார். அதற்கும் ஒரு விலக்கு உண்டாம். ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் இருந்தால் வாங்கலாம். மான் சுட அனுமதி இருந்தால் மற்றதற்கும் அனுமதி இருக்கிற மாதிரி. இந்த நாட்டில் சில சட்டங்களைப் படித்தால் எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதினாரோ என்று தோன்றும். சரி, அதை விடுங்கள். அவர் கேட்க வந்தது வேறு. கிழக்கு வாசலுக்கு ஆள் போதவில்லை, நீ சேருகிறாயா, பயிற்சி எல்லாம் நாங்களே தருகிறோம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ கோயிலில் வளர்ந்தவன். எங்கள் கோயிலின் மொத்தப் பாதுகாப்பும் கோயில்பிள்ளை கையில் இருந்த ஒரு பிரம்புதான். மணி அடிப்பார், விளக்கேற்றுவார், உள்ளே வந்த நாயை விரட்டுவார், பிரசங்கத்தின்போது தூங்குகிற பையன்களின் முட்டியில் பிரம்பின் நுனியால் ஒரு தட்டு தட்டுவார். ஃபோனில் அம்மாவிடம் இந்த அணி விஷயத்தைச் சொன்னேன். "கோயிலுக்குள்ள எதுக்குய்யா துப்பாக்கி? காணிக்கையைக் களவாண்டுட்டுப் போறாங்களா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல? காணிக்கைக்காக வந்தால் தட்டோடு கொடுத்து அனுப்பிவிடலாம், இவர்கள் வேறு எதற்கோ வருகிறார்களம்மா என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. சும்மாதான், ஊர் வழக்கம் என்று சமாளித்தேன்.

ஊர் வழக்கம் என்று சொன்னதும் முழுப் பொய் இல்லை. 2017-ல் பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் எடுத்த கணக்கில், வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 41 சதவீதம் பேர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். நாட்டின் சராசரி 30. எங்கள் சபையில் இன்னும் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் இது டெக்சஸ். நான் இருப்பது டாலஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில்.

ஃபோர்ட் வொர்த்தை ஒட்டி வைட் செட்டில்மெண்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆமாம், 'வெள்ளையர் குடியிருப்பு'. 2005-ல் இந்தப் பெயரை மாற்றலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், ஊர்க்காரர்கள் பெருவாரியாக வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த ஊரின் வெஸ்ட் ஃப்ரீவே சர்ச் ஆஃப் கிறைஸ்ட் ஆலயத்தில் 2019 டிசம்பர் 29, ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். விக்கும் ஒட்டுத்தாடியும் நீளமான கோட்டுமாக வந்து உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து, கோட்டுக்குள்ளிருந்து ஷாட்கன்னை எடுத்துச் சுட்டான். முதலில் விழுந்தவர் அந்தச் சபையின் பாதுகாப்பு அணிக்காரர். அவரிடமும் துப்பாக்கி இருந்தது, எடுக்கவும் செய்தார், நேரம் போதவில்லை. அடுத்தவர் திருவிருந்து பரிமாறிக்கொண்டிருந்தவர். இருவரும் இறந்தார்கள். பின்வரிசையில் நின்ற ஜாக் வில்சன் என்ற 71 வயதுக்காரர், அணியின் இன்னொரு உறுப்பினர், ஒரே ஒரு குண்டில் அவனை வீழ்த்தினார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆறு விநாடி. உள்ளே இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆராதனை நேரலையாகப் போய்க்கொண்டிருந்ததால் எல்லாம் பதிவாகிவிட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017 நவம்பர் 5, இதே டெக்சஸில் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரின் பாப்டிஸ்ட் ஆலயத்தில் 26 பேர் செத்தார்கள். அதில் ஒன்று இன்னும் பிறக்காத குழந்தை. போதகரின் பதினான்கு வயது மகளும் போய்விட்டாள், அன்று போதகர் வெளியூரில் இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்த ஸ்டீஃபன் வில்லிஃபோர்ட் சத்தம் கேட்டுத் தன் ஏஆர்-15 ரைஃபிளை எடுத்துக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து சுட்டதால்தான் கொலைகாரன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். இன்னொரு விஷயம், அவன் விமானப்படையில் இருந்தபோதே மனைவியையும் குழந்தையையும் அடித்ததற்காகத் தண்டனை பெற்றவன், சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியாதவன். தண்டனை விவரத்தை விமானப்படை மத்தியப் பட்டியலுக்கு அனுப்பவில்லை. கடையில் நேராகப் போய் வாங்கினான்.

இந்த இரண்டு ஊர்களும்தான் எங்கள் பக்கத்து சபைகளின் வேதபாடம். 'துப்பாக்கி வேண்டாம்' என்று நீங்கள் வாயைத் திறந்தால் போதும், வில்லிஃபோர்ட் ஓடிவரவில்லையென்றால் என்ன ஆகியிருக்கும், வில்சன் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு நான் இன்றுவரை யாரிடமும் பதில் சொன்னதில்லை, ஏனென்றால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் வில்சன் அதன் பிறகு நிருபர்களிடம் ஒன்று சொன்னார். தான் ஒரு மனிதனைக் கொன்றதாக உணரவில்லை, ஒரு தீமையைக் கொன்றேன் என்றார். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய அந்தப் பெரியவரைப் பற்றி, ஆறு விநாடியில் என்ன செய்திருப்போம் என்று தெரியாத நான் பேசக்கூடாதுதான். தூங்குவதற்காகச் சொல்லிக்கொண்ட வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனாலும் அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அந்தத் 'தீமை' முன்பும் அந்தச் சபைக்கு வந்திருக்கிறது. பணம் கேட்டிருக்கிறது, பணம் தரமாட்டோம் என்று சொல்லிச் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், பணம் இல்லையா என்று கோபித்துக்கொண்டிருக்கிறது. சபையின் ஊழியரே இதைப் பிற்பாடு சொன்னார். சாப்பாடு வாங்கித் தின்றது ஒரு மனிதன். சுட்டுக் கொல்லப்பட்டவனும் அதே ஆள்தான்.

சரி, வேதம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்று சபையில் ஆறு வாரம் ஆண்கள் கூடிப் படித்தோம். நான் ஒரு வாரமும் விடவில்லை.

இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் வசனம் லூக்கா 22:36. "பட்டயம் இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்று ஒன்றைக் கொள்ளக்கடவன்." பட்டயம் என்றால் வாள். இயேசுவே வாங்கச் சொல்லிவிட்டார், பின் என்ன என்று ஒரு கட்சி. இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள் என்று இன்னொரு கட்சி. சீஷர்கள் இங்கே இரண்டு பட்டயம் இருக்கிறது என்கிறார்கள், அவர் போதும் என்கிறார். பன்னிரண்டு பேருக்கு இரண்டு பட்டயம் எந்தக் கணக்கில் போதும்? அன்று ராத்திரியே பேதுரு அதில் ஒன்றை உருவி மல்குஸ் என்ற வேலைக்காரனின் காதை வெட்டுகிறார். "உன் பட்டயத்தைத் திரும்ப அதின் உறையிலே போடு" என்று அவருக்குத் திட்டு விழுகிறது, காது ஒட்டவைக்கப்படுகிறது. உறையிலே போடு என்றுதானே சொன்னார், தூக்கிப்போடு என்று சொல்லவில்லையே என்று முதல் கட்சியிலிருந்து ஒருவர் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வக்கீல்தான் அவர், நிஜமாகவே.

எனக்கு அந்த ஆறு வாரத்தில் கிடைத்தது மோசேயின் சட்டம் இருக்கும் யாத்திராகமம் 22-தான். திருடன் கன்னமிடும்போது பிடிபட்டு, அடிபட்டுச் செத்தால் இரத்தப்பழி இல்லை. ஆனால் சூரியன் அவன்மேல் உதித்திருந்தால் இரத்தப்பழி உண்டு. கன்னக்கோல் தெரிந்த ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். இருட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறவன் கையில் என்ன இருக்கிறது, எத்தனை பேர், எதற்கு வந்தான் என்று தெரியாது. வெளிச்சத்தில் தெரியும், முகமும் தெரியும், பிறகு பிடித்து ஈடுகட்ட வைக்கலாம். திருடனின் உயிருக்கும் மோசே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், டெக்சஸின் தண்டனைச் சட்டம் 9.42-ஆம் பிரிவிலும் ராத்திரி தனியாக வருகிறது. சொத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றால், ராத்திரித் திருட்டைத் தடுக்க உயிர்போகும் அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். மோசேக்கு ராத்திரி என்பது சந்தேகத்தின் பலனை வீட்டுக்காரனுக்குத் தரும் காரணம். இங்கே அது வெறும் பொருளுக்காகவும் சுடலாம் என்ற இடம்வரை நீண்டுவிட்டது. இதை நான் சொன்னதும் அறையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் ஒருவர், "என் லாரியைத் திருடினால் என் பிழைப்பையே திருடுகிறான்" என்றார். அவர் தச்சு வேலைக்காரர், சாமான்கள் முழுக்க அந்த லாரியில்தான். அவர் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை.

இதற்கிடையே லைசென்ஸ் வகுப்புக்கும் போனேன். 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது முடிந்தவர்கள் பெரும்பாலோர் இங்கே லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம், ஆனால் எங்கள் அணியில் லைசென்ஸ் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை. காலையில் தொடங்கி நாலைந்து மணி நேரம் வகுப்பு, பிறகு சுடும் தேர்வு. மூன்று கஜம், ஏழு கஜம், பதினைந்து கஜம் தூரத்திலிருந்து மொத்தம் ஐம்பது தோட்டா. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நான் 231 எடுத்தேன். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சந்தோஷப்பட்டுப் பழகிய உடம்பு, சந்தோஷப்பட்டது. பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில் ஒரு ஆளின் உருவம், தலை, தோள், மார்பு. மார்பில் என் கைவேலை. அந்த உருவத்துக்கு முகம் வரைந்திருக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று சுருட்டிக் கொடுத்தார்கள், வண்டியின் டிக்கியில் இரண்டு மாதம் கிடந்தது.

அந்த வகுப்பிலும் சரி, சபையிலும் சரி, துப்பாக்கியைவிட அதைப் பற்றிப் பேசும்போது ஒரு உற்சாகம் வருகிறதே, அதுதான் எனக்கு இடறல். 'என் கைகளைப் போருக்குப் படிப்பிக்கிற கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்ற 144-ஆம் சங்கீதத்தை பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். பாடியது தாவீது. அதே தாவீதுக்குக் கர்த்தர் பிறகு என்ன சொன்னார் என்பது 1 நாளாகமம் 22-ல் இருக்கிறது: நீ திரளான இரத்தத்தைச் சிந்தினாய், நீ என் நாமத்துக்கு ஆலயத்தைக் கட்டவேண்டாம். அந்தப் போர்களுக்கு அனுப்பியதும் அவர்தான், ஜெயம் கொடுத்ததும் அவர்தான். இருந்தாலும் கட்டாதே என்கிறார். இந்த வசனத்தை யாரும் பனியனில் போட்டு நான் பார்க்கவில்லை.

பழைய சபை இந்த வசனத்தைப் புரிந்துவைத்திருந்தது என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. நான் இறையியல் படித்தவன் இல்லை, ஐடி வேலைக்காரன், நூலகத்திலிருந்து எடுத்துவந்து ராத்திரி படித்ததுதான். பழைய சபையின் ஆயர் அகுஸ்தீன் ஒரு கடிதத்தில், தன் உயிரைக் காக்க இன்னொருவனைக் கொல்வதை நான் ஏற்கவில்லை, சிப்பாயாகவோ பொது அதிகாரியாகவோ இருந்து மற்றவர்களுக்காகச் செய்தால் ஒழிய என்று எழுதுகிறார். எட்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வாசலைக் கொஞ்சம் அகலத் திறக்கிறார். உன் உயிரைக் காப்பதே நோக்கமாக இருந்து, தேவைக்கு மேல் பலம் காட்டாமல் இருந்தால், எதிராளி செத்தாலும் அது பாவமாகாது. கத்தோலிக்க மறைக்கல்வி இன்றும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது, பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்களுக்கு அது கடமையாகக்கூட ஆகலாம் என்கிறது. பிரஸ்பிட்டேரியன்களின் வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையும் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளைக்கு விளக்கம் எழுதும்போது தவிர்க்க முடியாத தற்காப்பை விலக்கு என்கிறது. ஆக, அனுமதி உண்டு என்று சொல்பவர்கள் ஆகாயத்திலிருந்து பிடித்துக்கொண்டு வரவில்லை.

ஆனால் அனுமதி கொடுத்த அந்தச் சபை கூடவே என்ன செய்தது என்பதுதான் விஷயம். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியு, போரில் கொல்வதை நம் முன்னோர்கள் கொலையாக எண்ணவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். எண்ணவில்லைதான், ஆனாலும் அவர்கள் கை சுத்தமாக இல்லையே, மூன்று வருடம் திருவிருந்தில் மட்டும் கலந்துகொள்ளாமல் இருக்கச் சொல்வது நல்லது என்கிறார். 1066-ல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மன்கள் ஜெயித்தார்கள். ஜெயித்த தங்கள் சொந்தப் படைக்கே நார்மன் ஆயர்கள் பிராயச்சித்தப் பட்டியல் போட்டார்கள். கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருடம். எத்தனை பேர் என்று தெரியாவிட்டால் வாழ்நாள் முழுக்க வாரத்தில் ஒரு நாள். வில்லாளிகளுக்குத் தனி விதி, ஏனென்றால் தங்கள் அம்பு யார்மேல் பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. இதைப் படித்தபோது மணி ஒன்றரை இருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். தப்பு செய்தாய் என்று அவர்கள் சொல்லவில்லை. செய்ய வேண்டியதாக இருந்திருக்கலாம், ஆனால் உனக்குள் ஏதோ உடைந்திருக்கும், வா, உட்கார், அழு, நேரம் எடுத்துக்கொள் என்கிறார்கள். எங்கள் மாநில ஆளுநர் வில்சனுக்குப் பதக்கம் கொடுத்தார். சபை என்ன கொடுத்திருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த 'தீமையைக் கொன்றேன்' என்ற வாக்கியத்தைத் தனியாகச் சுமக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காதோ என்னவோ.

ஆயுதமே கூடாது என்கிற மரபையும் சொல்ல வேண்டும். மெனோனைட்டுகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை டிர்க் வில்லம்ஸ் கதை. 1569, நெதர்லாந்தின் ஆஸ்பெரென். சிறையிலிருந்து தப்பி உறைந்த நீர்மேல் ஓடுகிறார். சிறைச்சோறு தின்று மெலிந்த உடம்பு, பனிக்கட்டி தாங்குகிறது. துரத்தியவன் உள்ளே விழுகிறான். இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறார். பிடித்துக்கொண்டு போய் எரிக்கிறார்கள். 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸில், இதே மரபைச் சேர்ந்த ஆமிஷ் மக்களின் பள்ளிக்குள் புகுந்து ஐந்து சிறுமிகளைக் கொன்றவனின் அடக்கத்துக்கு அதே ஆமிஷ் மக்கள் போய் நின்றார்கள், அவன் மனைவிக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆமிஷ் வீடுகளில் துப்பாக்கி இல்லை என்று நினைக்காதீர்கள், மான் வேட்டைக்கு வைத்திருப்பார்கள். மனிதனுக்கு நேராகத் தூக்குவதில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்து நெகிழ்ந்துபோய் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள், "நல்ல கதைதான். நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்தா எங்க கன்னத்தையுமா சேர்த்துக் காட்டுவீங்க?" என் கன்னத்தைக் காட்டச் சொன்னவர் பிள்ளைகளின் கன்னத்தைக் காட்டச் சொன்னாரா? 2015 டிசம்பரில் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜெர்ரி ஃபால்வெல் ஜூனியர் மாணவர்களை எல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கச் சொல்லி மேடையில் பேசினார், முஸ்லிம்களை முடித்துவிடலாம் என்கிற தொனியில். கூட்டம் கைதட்டியது. ஜான் பைப்பர் என்ற மூத்த போதகர் அதை மறுத்து நீளமாக எழுதினார், அவர் ஒன்றும் முற்போக்கு ஆள் இல்லை. புதிய ஏற்பாடு இந்த மனநிலைக்குப் பழக்கவில்லை என்றார். அவருக்கும் இதே கேள்வி வந்து நிற்கிறது, என் மனைவியைத் தாக்குகிறவனை நான் சுடலாமா என்று. அந்த இடத்தில் பைப்பரின் எழுத்தும் கொஞ்சம் மங்கித்தான் போகிறது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்குத் துப்பாக்கி வாங்கவில்லை. அதற்குக் காரணம் வேத வசனம் இல்லை, ஒரு எண். 2021-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். ஜன்னலை உடைத்து வருகிறவனை நினைத்து வாங்குகிறோம், ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே யாருக்கோ ஒரு கெட்ட ராத்திரி வரும்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என் வீட்டில் பதின்மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். எனக்கே சில கெட்ட ராத்திரிகள் வந்திருக்கின்றன, வேலை போனபோது. ஆறு வார வேதபாடத்தில் யாரும் இந்த எண்ணைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த ஒருவர் தன் தம்பியை அப்படி இழந்தவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. 1956 ஜனவரியில் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள், மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே. கிங் துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார், அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். பிறகு அவரே துப்பாக்கியைக் கைவிட்டார். ஆனால் லூசியானாவில் 1964-ல் கறுப்பின ஆண்கள் சிலர் கூடி, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலிடமிருந்து தங்கள் தெருக்களைக் காக்க ஆயுதம் ஏந்தினார்கள். அமைப்புக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா, 'பாதுகாப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்'. டீக்கன்! சபை ஊழியரின் பட்டம் அது. 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில், கறுப்பினத்தவரின் இமானுவேல் ஏஎம்இ ஆலயத்தில் வேதபாடத்துக்கு வந்த வெள்ளைக்கார இளைஞனைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்பது பேரைக் கொன்றான். அவர்கள் அவ்வளவு அன்பாக நடந்துகொண்டதால் சுடாமலே போய்விடலாமா என்றுகூட நினைத்ததாகப் பிறகு போலீஸிடம் சொன்னான். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், செத்தவர்களின் சொந்தக்காரர்கள் சிலர் அவனைப் பார்த்து மன்னிக்கிறேன் என்றார்கள். எல்லோரும் சொல்லவில்லை, சொல்லாதவர்களும் கிறிஸ்தவர்கள்தான். அந்த ஆலயத்தின் வாசலில் என்னைப் போல ஒருவன் நின்றிருந்து, முன்பின் தெரியாத அந்தப் பையனைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால்? ஒன்பது பேர் பிழைத்திருப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் வாசலில் யார் யாரைத் திருப்பி அனுப்புவது?

கடைசியில் என் மனதில் தங்கியது டெக்சஸ் இல்லை, மட்டக்களப்பு. அதே 2019, ஏப்ரல் 21, ஈஸ்டர். சீயோன் சபை. முதுகில் பையோடு வந்தவன் படம் எடுக்க வேண்டும் என்கிறான். ரமேஷ் ராஜு என்பவர், நாற்பது வயது, முதலில் அனுமதி வாங்கு என்று அவனை உள்ளே விடாமல் வெளியே நிறுத்துகிறார். குண்டு வெளியே வெடித்தது. முற்றத்தில் நின்ற எத்தனையோ பிள்ளைகள் போய்விட்டார்கள், அவரும் போனார், ஆனால் உள்ளே நிறைந்திருந்த கூட்டம் தப்பியது. கையில் எதுவும் இல்லை. அன்று அவரிடம் துப்பாக்கி இருந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று எங்கள் அணித் தலைவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வாசலில் நின்றாரே, அதுதான் பாதி வேலை" என்றார். பாதுகாப்பு என்பதில் பெரும்பகுதி நின்று பார்ப்பதும், வருகிறவனின் கண்ணைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பதும்தான் என்று அவரே பயிற்சியில் சொல்லித்தருகிறார். 'என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்' என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த 84-ஆம் சங்கீதம் அன்றுதான் எனக்கு ஒரு வேலை மாதிரித் தெரிந்தது.

நிற்கிறேன், ஆனால் துப்பாக்கி இல்லாமல் என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. காதில் மாட்டும் ரேடியோவும் இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டையும் கொடுத்தார், பட்டையைக் கட்டத் தன் தொடையிலேயே பழக்கினார். கிழக்கு வாசலில் நான், முப்பது அடி தள்ளி உள்ளே அவர். இதில் என் பரிசுத்தம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் வெறுங்கையோடு நிற்க முடிவதே அவர் இடுப்பில் ஒன்று இருப்பதால்தான், கறி தின்றுகொண்டே கசாப்புக்காரனைப் பழிக்கிறவன் மாதிரி. இதையும் அவரிடம் சொன்னேன். "பரவாயில்லை, நீ எனக்காக ஜெபம் பண்ணு, நான் உனக்காகக் குறி பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

போன மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. இங்கே தட்டும் சின்னக் கோப்பைகளும் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். வாசலில் நிற்கிறவர்களுக்குக் கடைசியில் கொண்டுவந்து தருவார்கள். அன்று நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் இடது கையை நீட்டி அப்பத்தை எடுத்தார், வாயில் போட்டார், மறுபடி இடது கையையே நீட்டிக் கோப்பையை எடுத்தார். என் உடம்பு ஒரு நிமிடம் கூசிப்போனது. இடது கையால் அப்பம் வாங்கியிருந்தால் எங்கள் ஊரில் கோயில்பிள்ளையின் பிரம்பு வரைக்கும் போகாது, அதற்கு முன்னாலேயே அம்மா மண்டையில் ஒன்று போட்டிருப்பாள். அமெரிக்கர்களுக்கு இடது வலது கிடையாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் பேச்சுவாக்கில் கேட்டேவிட்டேன்.

"பழக்கம்" என்றார். "வலது கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். வைட் செட்டில்மெண்டில் அவன் இந்த நேரத்தில்தானே எழுந்தான்." சாவியைத் தேடிக்கொண்டே, அணியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் என்றார். பிறகு தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "ஐந்து வருடமாகிறது" என்றார். அடுத்த வாரம் ஒன்பதே காலுக்கு வந்துவிடு, மேற்கு வாசல் பூட்டு சரியில்லை, இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.